நிறுவல் குறிப்புகள் ஒரே இடத்தில் இருக்கட்டும்: என் அனுபவம்

நான் பங்களித்துவரும் ஒரு திறமூல மென்பொருளின் நிறுவல் குறிப்புகள் ரீட்மீ எனும் அறிமுகக் கோப்பிலும் விக்கியிலும் ஆவணத் தளத்திலும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தன. எழுதிய நாளில் மூன்றுமே சரியானவைதான். பிறகு அவரவர் கண்ணில் பட்டதை மட்டும் திருத்திவந்ததால், பைத்தான் 3.6 போதும் என்று ஒரு பக்கமும் 3.8 வேண்டும் என்று மற்றொரு பக்கமும் கூற, மென்பொருளோ 3.9-க்குக் கீழே நிறுவவே மறுத்தது.

2023-இல் லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனின் 12-ஆம் பதிப்பு வெளிவந்ததும் நிலைமை மோசமாயிற்று. கணினி முழுமைக்குமாக, பைத்தானின் நிறுவல் கருவியான பிப் கொண்டு பொதிகளை நிறுவுவதை அது முன்னிருப்பாகவே தடுக்கிறது. விக்கியில் ஒருவர் மெய்நிகர்ச் சூழல் (கணினியின் பிற பொதிகளைத் தொடாத தனி இடம்) அமைக்கும் படியைச் சேர்த்தார். ரீட்மீயில் பழைய கட்டளையே நின்றது. அதைப் பின்பற்றித் தடுமாறிய ஒருவருக்கு, அந்தத் தடையை மீறும் 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் வேலை முடியும் என்று யாரோ பதில் எழுத, அந்த ஆபத்தான குறுக்குவழி ஆவணத் தளத்திலும் ஏறிவிட்டது. பயனரின் இயங்குதளத்துக்கே சேதம் விளைவிக்கக்கூடிய ஒன்றை நாம் அதிகாரப்பூர்வமாகப் பரிந்துரைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

குறிப்புகளை மூல நிரல் இருக்கும் களஞ்சியத்துக்கே கொண்டுவந்தோம். நிரல் மாற்றமும் குறிப்பு மாற்றமும் இப்போது ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தை ஏற்குமாறு அனுப்பும் கோரிக்கையில்) வருகின்றன. ரீட்மீயில் ஓர் இணைப்பு மட்டுமே உண்டு. விக்கிப் பக்கத்துக்குப் பல தளங்களிலிருந்து ஆட்கள் வருவதால், அதை அழிக்காமல் உள்ளடக்கத்தை நீக்கிவிட்டுப் புதிய முகவரியை இட்டோம். பெரும் பலன் தந்தது வேறொன்று: கட்டளைகளைத் தனி ஸ்கிரிப்ட் கோப்பில் வைத்து, ஆவணங்களை உருவாக்கும் கருவியான ஸ்பிங்க்ஸின் 'லிட்டரல்-இன்க்ளூட்' (ஒரு கோப்பை அப்படியே சேர்க்கும் வசதி) வழியாக ஆவணத்தில் காட்டுகிறோம், அதே கோப்பைத் தானியங்கிச் சோதனை டெபியன், மற்றொரு லினக்ஸான ஃபெடோரா ஆகியவற்றின் வெறுமையான கன்டெய்னர்களில் (தனித்து இயங்கும் சூழல்களில்) ஓட்டிப் பார்க்கிறது. நிரலரின் கணினியில் நிறுவலுக்குத் தேவையான சி கம்பைலரும் பைத்தான் ஹெடர் கோப்புகளும் ஏற்கெனவே இருக்கும் என்பதால், அவற்றை நிறுவும் படி விடுபட்டிருந்தது அதுவரை எவருக்கும் தெரியவில்லை.

மறுமொழி:

நீங்கள் கூறியதோடு மொழிபெயர்ப்புகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் ஐயா. ஒவ்வொரு மொழிப் பக்கமும் கட்டளைகளின் இன்னொரு நகல்தான். எங்கள் மென்பொருளுக்கு, டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட் பொதிகளைத் தரவிறக்கும் தனிக் களஞ்சியம் உண்டு. பொதிகள் உண்மையானவையா என்று சரிபார்க்க உதவும் திறவுகோலை 'ஆப்ட்-கீ' என்ற கட்டளை கொண்டு சேர்த்தால், அதை கணினியிலுள்ள எல்லாக் களஞ்சியங்களுக்கும் உரியதாக ஆப்ட் நம்பிவிடும் என்பதால் அம்முறை கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக, ஒரு களஞ்சியத்துக்கு ஒரு திறவுகோல் என்று வரையறுக்கும் 'சைன்டு-பை' முறைக்கு நாங்கள் மாறினோம். ஆங்கிலப் பக்கம் உடனே திருத்தப்பட்டது, மற்ற மொழிகளில் பழைய கட்டளையே நெடுநாள் தொடர்ந்தது. மொழிபெயர்ப்பாளர்களைக் குறைகூறுவதற்கில்லை, அவர்களுக்கு மாற்றத்தை அறிவிக்கும் ஏற்பாடே இல்லை. இப்போது கட்டளைப் பகுதிகளை மொழிபெயர்ப்புக் கோப்பிலிருந்து முற்றிலும் விலக்கிவிட்டோம். விளக்கம் மட்டுமே மொழிக்கு மொழி மாறுகிறது, கட்டளைகள் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன.

ஒரு வேண்டுகோள்: எல்லாவற்றையும் இணைப்பாக்கிவிட வேண்டாம். நிறுவலின் நடுவே வரும் பிழைச்செய்தியும் அதன் தீர்வும் அந்தப் படிக்கு அருகிலேயே இருக்கட்டும். பாதியில் நிற்பவரை வேறு பக்கத்துக்கு அனுப்பினால், திரும்பி வந்து எந்தப் படியிலிருந்து தொடர்வது என்று அவர் திகைக்க நேரும்.