கோல்ஃப் கேம்ல ஸ்கோர் தாறுமாறா வருது, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே. காவேரிப்பட்டினத்துல இருந்து எழுதறேன். மாங்கூழ் ஃபேக்டரில நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் போன்ல ஒரு ஆன்லைன் கோல்ஃப் கேம் ஆடுவேன். (நம்ம ஊர்ல கோல்ஃபான்னு சிரிக்காதீங்க, கிரிக்கெட் கேம் சலிச்சுப் போச்சு.)

18 குழி, பார் 72 (அதாவது மொத்தம் 72 அடில முடிக்கணும்னு கணக்கு, அதைவிடக் கம்மியா அடிச்சா நல்ல ஸ்கோர்). பிராக்டீஸ்ல 70, 71ன்னு வருது. டோர்னமெண்ட்ல நுழைஞ்சா அதே மைதானத்துல 80ஐத் தாண்டிடுது. ஒரு பார் 3 குழியை உத்துக் கவனிச்சேன். அதே கிளப், அதே பவர், காத்து அம்புக்குறியும் அதே. ஒரு தடவை பந்து கொடிக்குப் பக்கத்துல நிக்குது, அடுத்த தடவை மணல்ல போய்ப் புதையுது. காசு கட்டி ஸ்பெஷல் பந்து வாங்கின அன்னைக்கு மட்டும் பேர்டியா (பாரைவிட ஒரு அடி கம்மி) கொட்டுது! எதிராளி மேலயும் சந்தேகம்தான், காத்து எப்படி அடிச்சாலும் ஒரே வேகத்துல அடிக்கறான். நிஜ ஆளா, இல்ல தானா ஆடற கம்ப்யூட்டர் பாட்டா (bot)?

நெட் லேக்ல (சிக்னல் தாமதத்துல) டைமிங் பிசகுதுன்னு தம்பி சொல்றான். இருக்கலாம். ஆனா காசு கட்டினா சிக்னலும் சேர்ந்து வருமா?

நிஜ கோல்ஃப்ல ஹேண்டிகேப் (ஆடறவரோட திறமையைக் காட்டற எண்) போட கடைசி 20 ஸ்கோர்ல சிறந்த 8ஐ எடுப்பாங்க. ரெண்டு மோசமான ரவுண்டை வச்சு நானும் பழி போடல. எத்தனை ரவுண்டு குறிச்சு வச்சா நியாயமா ஒப்பிடலாம்? ஸ்கிரீன் ரெக்கார்டிங்ல ஃப்ரேம் ஃப்ரேமா பார்த்து லேக்கைக் கண்டுபிடிக்க முடியுமா? ஓசூர், பெங்களூர்ல கேம் டெவலப்பரா இருக்கறவங்க கொஞ்சம் கமெண்ட்ல வாங்க.