மோலிமாக் இறந்தது விதிப்படியா, டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) வேண்டுமென்றே கொன்றாரா?

நிலவறைவாசி:
கிரிட்டிகல் ரோல் (டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் என்ற பகடைக் கதையாட்டத்தை நடிகர்கள் ஆடிக்காட்டும் இணைய நிகழ்ச்சி) இரண்டாம் தொடர், 26-ஆம் எபிசோட் (ஜூலை 2018). அதில் ஓர் ஆட்டக்காரரின் பாத்திரமான மோலிமாக் இறந்ததற்கு டி.எம். மேத்யூ மெர்சரைத் திட்டும் ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூன்று டெத் சேவ் (விழுந்து கிடப்பவர் உயிர் பிழைக்க உருட்டும் பகடை) தோற்றால்தானே சாவு? அவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது? உயிர்ப்பிக்கும் மந்திரமான ரிவிவிஃபை ஏன் போடவில்லை?

இருபதுமுகப்பகடை:
சேவ் உருட்டித் தோற்பது ஒரு வழி மட்டுமே. 0 ஹிட் பாயிண்டில் (உயிர்ப்புள்ளி தீர்ந்து) கிடப்பவர் மேல் அடி விழுந்தால் அதுவே ஒரு தோல்வி. 5 அடிக்குள் நின்று அடித்தால் தானாகவே கிரிட்டிகல் (இருமடங்கு பலமான அடி), அதாவது இரண்டு தோல்வி. ஆக, இரண்டு வெட்டு போதும். ஒரே முறையில் பல தடவை தாக்கும் எதிரிக்கு இது எளிது. மோலி பிளட் ஹன்டர் (ரத்தத்தால் சாபமிடும் வீரர் வகை) வேறு. சாபத்தை வலுவாக்கத் தன் ஹிட் பாயிண்டையே கொடுக்க வேண்டும். அந்த விலைதான் அவரைச் சாய்த்தது. வில்லன் லொரென்ஸோ மனிதர்களைப் பிடித்து அடிமைகளாக விற்கும் கொடூரன். விழுந்தவனை விட்டுவிட்டுப் போயிருந்தால்தான் பாத்திரம் பொய்யாகியிருக்கும்.

வைரத்தூள்:
ரிவிவிஃபைக்கு மூன்றாம் நிலை மந்திரம், 300 பொன் மதிப்புள்ள வைரம் (மந்திரத்தோடு அழிந்துவிடும்), இறந்து ஒரு நிமிடத்துக்குள் தொடுதல், மூன்றும் வேண்டும். குழுவின் கிளெரிக் (குணப்படுத்தும் மந்திரம் தெரிந்த பூசாரி) ஜெஸ்டரோ அப்போது சிறைப்பட்டிருந்தாள். அங்கிருந்த வேறு யாராலும் அதைப் போட முடியாது. ரெய்ஸ் டெட் என்ற இன்னொரு உயிர்ப்பிக்கும் மந்திரத்துக்குப் பத்து நாள் அவகாசம் உண்டு, ஆனால் 9-ஆம் நிலை கிளெரிக்கும் 500 பொன் வைரமும் தேவை. சாலையோரம் புதைத்து, மேலே மோலியின் மேலங்கியை அடையாளமாக வைத்ததுதான் மிச்சம். (அதற்குப் பிறகான கதையை இங்கே எழுதாதீர்கள், பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.)

நிலவறைவாசி:
புரிகிறது. நம் ஆட்டக் குழுவிலும் இதே கோபம் வரும். எப்படிக் கையாள்வது?

இருபதுமுகப்பகடை:
முதல் ஆட்டத்துக்கு முன்பே கேளுங்கள்: சாவு உண்டா, விழுந்தவனை எதிரி அடிப்பானா? கொல்லும் அடிக்கு முன் "இன்னொரு தோல்வி ஆனால் முடிந்தது" என்று உரக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் தங்கள் முறையில் ஹீலிங் வேர்ட் என்ற குணப்படுத்தும் மந்திரம் போட வாய்ப்புக் கிடைக்கும். 60 அடி தூரம் எட்டும் போனஸ் ஆக்‌ஷன் (ஒரு முறையில் கூடுதலாகச் செய்யக்கூடிய சிறு செயல்) அது. பகடையை எல்லோரும் பார்க்க உருட்டுங்கள். திரைக்குப் பின் உருட்டிய கொலையை யாரும் மன்னிப்பதில்லை.

வைரத்தூள்:
ஆட்டத்தை அங்கேயே நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். இறந்த பாத்திரத்தின் கடைசி வார்த்தை எது என்பதை அந்த ஆட்டக்காரரே சொல்லட்டும். புதுப் பாத்திரம் குழுவின் அதே நிலையில், அடுத்த ஆட்டத்தின் முதல் அரைமணிக்குள் நுழைய வேண்டும். மூன்று மணிநேரம் சும்மா உட்காரவைத்தால் துக்கம் எரிச்சலாகிவிடும்.