கண்மாய் மீன்பாசி: வருஷா வருஷம் ஏலமா, ஊரே பார்த்துக்கொள்வதா?

மேலூர்க்காரன்:
நம் ஊர்க் கண்மாயின் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலத்தை நிறுத்திவிட்டு, ஐந்து வருஷத்துக்கு ஊரே பொறுப்பெடுக்கலாம் என்கிறேன். போன பங்குனியில் ஏலம் எடுத்தவர் மோட்டார் வைத்து மடையடிப் பள்ளத்தை இறைத்தார். அயிரை, குரவை, ஆரால் எல்லாம் சேற்றோடு போச்சு. அடுத்த வருஷம் ஏலம் யாருக்கோ! அவர் எதற்கு விட்டுவைப்பார்?

கலிங்குமேடு:
தம்பி, போன முறை மடைப் பலகை மாற்றியது அந்த ஏலப் பணத்தில்தான். காசு போட்டவன்தான் ராத்திரி காவல் இருப்பான். ஊர்ப்பொது என்று விட்டால் கொசுவலை போட்டே அள்ளிவிடுவார்கள்.

மேலூர்க்காரன்:
காவல் வேண்டும், சரி அண்ணே. ஊரே காவல் இருந்த இடமும் உண்டு. ஜப்பானில் ஹொக்கைடோ தீவில் சாருஃபுட்சு என்ற கிராமம். கணக்கில்லாமல் அள்ளியதில் ஸ்கேலப் சிப்பி அற்றுப்போன கடல் அது. 1971-இல் மீனவர் கூட்டுறவுச் சங்கம் குஞ்சுச் சிப்பியைக் கொண்டுவந்து விதைக்கத் தொடங்கியது. கடலடியை நாலு பங்காக்கி, வருஷத்துக்கு ஒரு பங்கில் மட்டும் அறுவடை. எடுத்த இடத்தில் திரும்ப விதைப்பு. மற்ற மூன்றில் கை வைப்பதில்லை.

உசிலை அக்கா:
கடல் வற்றாதுப்பா. நம் கண்மாய் சித்திரையில் வெடித்துக் கிடக்கும். நாலு பங்கு எங்கே போடுவாய்?

மேலூர்க்காரன்:
நாலு வேண்டாம் அக்கா, அந்த மடையடிப் பள்ளம் ஒன்று போதும். கோடையில் விதைமீன் தங்குவது அங்கேதான். மழைக்குப் பின் கரையோரம் நின்று பாருங்கள்: சிவப்பாக விரால் குஞ்சுகள் ஒரே மொத்தையாகத் தண்ணீர் மேல் கொப்பளிக்கும், அடியில் தாயும் தகப்பனும் காவல். தூண்டில்காரர்கள் அந்த மொத்தையை அடையாளம் வைத்துத்தான் தாயைப் பிடிக்கிறார்கள். பெரிய மீன் போனால் குஞ்சு அத்தனையும் இரைதான். அந்த நாட்களில் தூண்டிலையும் நிறுத்த வேண்டும்.

கலிங்குமேடு:
குஞ்சு விஷயம் நானும் கண்ணால் பார்த்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏலம் இல்லையென்றால் மீன்பிடித் திருவிழா நடத்துவீர்கள். வெள்ளைத் துண்டு வீசினதும் சுற்றுப்பட்டி முழுக்க ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக இறங்குமே, அன்றைக்குப் பள்ளத்தை யார் மறிப்பது?

மேலூர்க்காரன்:
கருவேல முள்ளை வெட்டிப் பள்ளம் நிறையப் போட்டுவிடலாம். வலையும் இறங்காது, காலும் இறங்காது.

கலிங்குமேடு:
முள் வெட்ட நானே அரிவாளோடு வருகிறேன். ஏலத்தை நிறுத்த மட்டும் சம்மதிக்க மாட்டேன். மூன்று வருஷக் குத்தகையாக விடுங்கள், பள்ளத்தை இறைக்கக் கூடாது என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.