மெக்கானிக்கல் முடித்து வேலை தேடும் பிள்ளைகளுக்கு மாதிரி நேர்காணல் நடத்த ஆள் தேவை

வணக்கம். கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் குவாலிட்டி, புரொடக்‌ஷன், எச்.ஆர். பிரிவுகளில் இருப்பவர்களிடம் ஓர் உதவி. பி.இ. முடித்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் வேலை அமையாத பிள்ளைகளுக்கு, போனில் 20 நிமிடம் மாதிரி நேர்காணல் நடத்தித் தர முடியுமா?

அடிப்படைக் கேள்விகளே போதும். பலர் சறுக்குவது அங்கேதான். வெர்னியர் அளவுகருவியில் 0.02 மி.மீ. லீஸ்ட் கவுண்ட் (அது அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) எப்படி வருகிறது என்று கேளுங்கள். டிராயிங்கில் 25 ± 0.05 மி.மீ. (24.95 முதல் 25.05 வரை சரி) என்று இருக்க, பாகம் 25.06 வந்தால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். ‘ரிஜெக்ட்’ என்பதோடு விடாதீர்கள். வெளிவிட்டம் என்றால் மறுபடி கடைந்து சரிசெய்யலாம், துளை என்றால் அந்த வழி கிடையாது. அதுவரை யோசிக்க வையுங்கள். படிப்புக்குப் பிந்தைய இடைவெளி பற்றியும் கட்டாயம் கேளுங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லாமல், இரண்டு வாக்கியத்தில் பதில் முடிய வேண்டும்.

ரெஸ்யூமே திருத்தவும் ஆள் வேண்டும். பக்கத்தை இரண்டாகப் பிரித்துக் கட்டம் போட்ட டெம்ப்ளேட்டுகளைச் சில நிறுவனங்களின் மென்பொருள் வரிசை குலைத்துப் படித்துவிடுகிறது. நேராக, ஒரே பக்கத்தில், பி.டி.எஃப். ஆக மாற்றித் தாருங்கள்.

உங்கள் கம்பெனி நாட்ஸ் என்ற மத்திய அரசின் தொழிற்பயிற்சித் திட்டத்தில் பட்டதாரி அப்ரெண்டிஸ் எடுத்தால் அதையும் சொல்லுங்கள். உதவித்தொகையோடு ஒரு வருட அனுபவம் சும்மா இருப்பதைவிட எவ்வளவோ மேல். டெபாசிட், பதிவுக் கட்டணம் கேட்கும் ஏஜென்சிகளைத் தயவுசெய்து இங்கே பகிராதீர்கள்.

உங்கள் பிரிவு, ஓய்வான நேரம் இரண்டையும் கீழே எழுதுங்கள். ஷிப்ட் முடிந்து இரவு 9 மணி என்றாலும் பரவாயில்லை.