'நெற் வெயிற்' (net weight): தேறிய நிறையா, நிகர நிறையா?

வாழைச்சேனையிலிருந்து:
வணக்கம். நெல் வாங்கும் சங்கம் ஒன்றுக்குப் பற்றுச்சீட்டு மென்பொருளைத் தமிழாக்குகிறேன். வியாழக்கிழமை கொடுக்க வேண்டும். மூட்டையோடு நிறுத்தால் 'மொத்த நிறை', சரி. சாக்கைக் கழித்தால்? இலங்கையில் நாம் கணக்கியலில் 'தேறிய இலாபம்' (net profit) என்று படித்தோம். மென்பொருளோ இந்தியத் தமிழில் 'நிகர' என்கிறது. 'நெற்' என்றே விடலாமென்றால், நெல்லின் நிறை என்றுதான் வாசிப்பார்கள்.

காரைதீவிலிருந்து:
தம்பி, யோசிக்கவே வேண்டாம், 'தேறிய'தான். தேறுதல் என்றால் தெளிதல். கலங்கல் அடியில் தங்க, தெளிந்து நின்ற கள்ளைத்தானே சங்கப் புலவர்கள் தேறல் என்றார்கள்! 'நெற்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இலத்தீன் வேரில் பளபளப்பு, துப்புரவு என்றே பொருள். வடமொழியில் 'நிகரம்' குவியல். கழித்து எடுத்ததற்குப் போய்க் குவியலின் பெயரா? 509ஆம் குறளில் 'தேறுக' என்பது நம்புக என்ற பொருளில் வரும். அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

கல்முனையிலிருந்து:
ஐயா தேறலில் இறங்கிவிட்டார், இனி வியாழன் தாண்டும். 'நிகர்' தமிழில் ஒப்பு, சமம். குவியலை யார் நினைக்கிறார்கள்? தமிழ்நாட்டில் எல்லாக் கணக்கிலும் 'நிகர'தான். ஒரே மொழிக்கு இரண்டு கலைச்சொல் எதற்கு?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
அப்பாவிடம் கேட்டேன். நாற்பது போகம் கண்டவர். 'தேறிய நிறை' என்றதும், "பதர் போன நெல்லா புள்ள?" என்றார். அவருக்குக் காய்ச்சல்காரன் தேறுவான், பிள்ளை சோதினையில் தேறும். 'நிகர' என்றதற்கு என் முகத்தையே பார்த்தார். "சாக்குப் போக எத்தின கிலோ எண்டுதான் நாங்க கேப்பம்" என்கிறார். அதையே போடுங்களேன்.

காரைதீவிலிருந்து:
மகள், 'சாக்குப் போக' என்று அச்சிட்டால் சாக்குப்போக்கு என்று சிரிப்பார்கள்.

கல்முனையிலிருந்து:
நெல் விற்கப் போகிற பலருக்குக் கிடைப்பதும் சாக்குப்போக்குத்தானே?

வாழைச்சேனையிலிருந்து:
'தேறிய நிறை' என்று போட்டு, கீழே சின்ன எழுத்தில் 'சாக்கு நீக்கி' என்று விட்டுவிட்டேன். கல்முனை அண்ணன் மன்னிக்கவும், உங்கள் 'நிகர' அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

கல்முனையிலிருந்து:
மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேலே என்று மூட்டைக்கு இரண்டு கிலோ வெட்டுவார்களே, அது தேறியதற்கு முன்பா, பின்பா? அந்தக் கட்டத்துக்கு என்ன தலைப்பு?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
அதற்கு அப்பா சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது.