புதுப்பிப்பு: கிராண்ட் டீட்டன் முகாமில் சாப்பாட்டை எங்கே வைப்பது?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கோல்ட்டர் பே முகாமுக்குப் போகிறோம், அங்கே கரடிகள் உண்டு, ராத்திரி சாப்பாட்டைக் காரில் வைத்தால் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய்விட்டு வந்துவிட்டோம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னபடி முகாமில் இருக்கும், கரடியால் திறக்க முடியாத இரும்புப் பெட்டியைத்தான் பயன்படுத்தினோம். கையை மூடிக்குள் விட்டு அழுத்தினால்தான் கொக்கி விடும். கரடியின் பாதம் நுழையாது. கரடி வாசனைக்கு வரும் என்பதால் அரிசி, ஊறுகாய் மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, காலி ஐஸ் பெட்டி, அடுப்பு எல்லாமே அதற்குள். பகலிலும் அப்படித்தான். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொன்றுவிட நேர்கிறது என்பதை நினைத்தால் இது ஒரு சிரமமே இல்லை.

விறகு அங்கேயே வாங்கினோம். வெளியூர் விறகோடு மரத்தை அரிக்கும் பூச்சியும் வந்துவிடும்.

நான் தப்பு செய்தது நெருப்பில். முதல் ராத்திரி ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் குச்சியால் கிளறினால், அடிச் சாம்பலில் சிவப்புக் கங்கு! சுற்றிலும் காய்ந்த பைன் ஊசிகள், வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்புறம் தினமும் ஊற்றுவது, கிளறுவது, மறுபடி ஊற்றுவது, புறங்கையால் தொட்டுப் பார்ப்பது. சில்லென்று ஆன பிறகுதான் கூடாரத்துக்குள் போனோம்.

கரடி கண்ணில் படவில்லை. மான் ஒன்று வந்தது. சட்டப்படி 25 கஜம் தள்ளியே நின்றோம். கரடி, ஓநாய் என்றால் 100 கஜம்.