சுண்டெலிகளில் ஜி.டி.டி., ஐ.டி.டி.: எடை பிரிகிறது, வளைகோடு பிரியவில்லை

சுண்டெலி:
சி57பிஎல்/6 என்ற ஆய்வக வகை ஆண் சுண்டெலிகள், 8 வார வயதில் தொடக்கம். ஒரு குழுவுக்கு டி12492 தீவனம், 60% கலோரி கொழுப்பிலிருந்து. கன்ட்ரோல் குழுவுக்கு அனிமல் ஹவுஸில் வழக்கமாகப் போடும் பெல்லட். 12 வார முடிவில் சராசரி எடை கொழுப்புக் குழுவில் 42 கிராம், கன்ட்ரோலில் 28 கிராம்.

ஜி.டி.டி.க்கு (குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை) 16 மணி நேரம் இரவுப் பட்டினி, பிறகு கிலோவுக்கு 2 கிராம் குளுக்கோஸ் வயிற்றறைக்குள் ஊசியாக. பட்டினிச் சர்க்கரை இரு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 30ஆவது நிமிடத்தில் கொழுப்புக் குழுவில் சிலவற்றுக்கு மீட்டர் அளவைத் தாண்டி 'ஹை' காட்டியது. அவற்றுக்கு 600 என்று போட்டுக் கணக்கிட்டேன். வளைகோட்டுப் பரப்பில் வித்தியாசம் தேறவில்லை. ஐ.டி.டி.யும் (இன்சுலின் தாங்குதிறன் சோதனை) அதே பட்டினியில், கிலோவுக்கு 1 யூனிட் இன்சுலின். கன்ட்ரோல் எலிகள் 40க்குக் கீழே போய் ஒன்றுக்கு வலிப்பே வந்தது. கொழுப்புக் குழுவிலும் சர்க்கரை நன்றாக இறங்குகிறது. இன்சுலின் எதிர்ப்பே வரவில்லை என்று எடுத்துக்கொள்வதா, சோதனையில் கோளாறா?

ஐலெட்:
கோளாறு சோதனையில்தான். முதல் குற்றவாளி அந்த 16 மணி நேரப் பட்டினி. சுண்டெலி தன் தீனியில் பெரும்பகுதியை இருட்டில்தான் தின்னும். இரவு முழுக்கத் தீனியை எடுத்துவிட்டால் கிட்டத்தட்ட ஒரு நாள் பட்டினி போட்டதற்குச் சமம். உடல் எடையில் பத்து சதவீதத்துக்கும் மேல் இறங்கும், கல்லீரலில் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜன் ஏறக்குறைய காலி. மனிதர்களில் நீண்ட பட்டினி இன்சுலின் வேலையை மந்தமாக்கும். எலியில் நேர்மாறு, தசை குளுக்கோஸை இன்னும் வேகமாக இழுக்கும். நீங்கள் பார்க்க வந்த வித்தியாசத்தைப் பட்டினியே அழித்துவிடுகிறது.

காலை 7 மணிக்குத் தீனியை எடுங்கள், 1 மணிக்குச் சோதனை. தண்ணீர் இருக்கட்டும். கூண்டையும் படுக்கையையும் மாற்றியே ஆக வேண்டும், டி12492 பொடிந்து உமிக்குள் கிடக்கும், அதைத் தின்றுகொண்டே 'பட்டினி' இருக்கும்.

அடுத்தது டோஸ். கிலோவுக்கு 2 கிராம் என்றால் 42 கிராம் எலிக்கு 84 மி.கி., 28 கிராம் எலிக்கு 56 மி.கி. கூடிய எடையில் பெரும்பகுதி கொழுப்பு. குளுக்கோஸை வாங்கிக்கொள்ளும் தசை அந்த அளவுக்குக் கூடவில்லை. 'ஹை' வந்ததற்கு இதுவும் காரணம். 600 என்று போட்டது இன்னும் மோசம். உச்சியை வெட்டிவிட்டுப் பரப்பை அளந்தால் வித்தியாசம் எங்கிருந்து வரும்? கிலோவுக்கு 1 கிராமாகக் குறையுங்கள்: 10% கரைசல், எடையில் கிராமுக்கு 10 மைக்ரோலிட்டர்.

ஊசி வலது கீழ்ப்பக்கம், சீக்கம் (பெருங்குடலின் தொடக்கப் பை) இடப்பக்கம் இருப்பதால். குண்டு எலிகளில் மருந்து கொழுப்புத் திட்டுக்குள் போய்விடும். 15-30 நிமிடத்தில் உச்சியே வராமல் மெல்ல ஏறும் வளைகோடு பெரும்பாலும் அதுதான். எந்த எலியை விலக்குவது என்பதைத் தரவு பார்க்கும் முன்பே எழுதி வையுங்கள்.

பைப்பெட்200:
ஐலெட் சொன்னதோட, இன்சுலின் வயலையும் (மருந்துக் குப்பி) ஒரு தடவை பாருங்க. இந்தியாவுல மி.லி.க்கு 40 யூனிட் வயலும் கிடைக்குது, 100 யூனிட்டும் கிடைக்குது. வெளிநாட்டு புரோட்டோகால் பெரும்பாலும் 100-ஐ வெச்சு எழுதினது. 40-னு நினைச்சு 100-ஐக் கலக்கினா இரண்டரை மடங்கு டோஸ், வலிப்பு நிச்சயம். மாறா 100-னு நினைச்சு 40-ஐக் கலக்கினா டோஸ் குறைஞ்சு எல்லா எலியும் 'எதிர்ப்பு' காட்டும், அது இன்னும் ஆபத்து, ஏன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. வயல் கலங்கலா இருந்தா அது ரெகுலர் (குறுகிய நேர) இன்சுலின் இல்ல, எடுக்காதீங்க.

கிலோவுக்கு 0.75 யூனிட்டுக்கு 40 வயல்ல இருந்து: 0.1 மி.லி. + 3.9 மி.லி. சலைன், இது மி.லி.க்கு 1 யூனிட். இதுல 0.75 மி.லி. எடுத்து 10 மி.லி. ஆக்குங்க. கிராமுக்கு 10 மைக்ரோலிட்டர் போடலாம். சலைன்ல 0.1% பி.எஸ்.ஏ. (மாட்டு ஆல்புமின் புரதம்) கட்டாயம், இல்லன்னா இவ்வளவு நீர்த்த இன்சுலின் குழாய்ச் சுவர்லயே ஒட்டிக்கும். அன்னன்னைக்குக் கலக்குங்க. சர்க்கரை ரொம்ப இறங்கினா கொடுக்க 20% குளுக்கோஸ் சிரிஞ்ச்ல ஏத்தி பக்கத்துல வெச்சுட்டுத்தான் ஆரம்பிக்கணும். ஐ.டி.டி.க்கும் 4-6 மணி நேரப் பட்டினி போதும். ஜி.டி.டி. முடிஞ்சு ஒரு வாரம் இடைவெளி விடுங்க.

தீவனக் கிடங்கு:
கன்ட்ரோல் தீவனத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. சாதாரண பெல்லட்டில் நார், சோயா ஐசோஃப்ளேவோன், மாவுச்சத்து எல்லாமே டி12492-இலிருந்து வேறு. வரும் வித்தியாசத்தைக் கொழுப்பின் மேல் மட்டும் போட முடியாது. ஜோடி தீவனம் டி12450ஜே: கொழுப்பு 10%, சுக்ரோஸ் 7%, அதாவது டி12492-க்கு இணை. டி12450பி-யில் சுக்ரோஸ் 35%, எழுத்தைக் கவனித்து ஆர்டர் கொடுங்கள்.

விலைக்குப் பயந்து பெல்லட் பொடியில் வனஸ்பதி பிசைந்து கொடுக்கும் வழக்கம் நம் லேப்களில் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் பெல்லட், 340 கிலோகலோரி, 20 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டால் புரதம் கலோரியில் 23.5%. அதில் 30 கிராம் வனஸ்பதி சேர்த்தால் மொத்தம் 610. புரதம் 13%க்கு இறங்கிவிடும், விட்டமினும் தாதுவும் கூடவே. கொழுப்பு கூடிய எலியா, புரதம் குறைந்த எலியா என்று சொல்லத் தெரியாது. அதோடு 2022 ஜனவரியிலிருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. டிரான்ஸ் கொழுப்பை 2%க்குள் கட்டிவிட்டது. பழைய கட்டுரைகளின் வனஸ்பதி வேறு, இன்று கடையில் வாங்கும் வனஸ்பதி வேறு.

சுண்டெலி:
நன்றி. வயல் 40தான், கணக்கும் 40க்கே போட்டது. ஆகவே பட்டினியும் டோஸும்தான். கைவசம் பட்டினி பிளாஸ்மா இருக்கிறது. எலைசா சோதனையில் இன்சுலின் அளந்து ஹோமா-ஐ.ஆர். (எதிர்ப்பைக் காட்டும் எண்: பட்டினிச் சர்க்கரை × இன்சுலின் ÷ 405) கணக்கிட்டால் போதுமா?

கிளாம்ப்:
போதாது. அந்த 405 என்ற வகு எண் மனிதர்களை வைத்து அமைத்தது. குழுக்களுக்கிடையே ஒப்பிட ஒரு துணை எண்ணாகக் கொடுக்கலாம், ஆதாரமாக அல்ல. அதுவும் 16 மணி நேரப் பட்டினி பிளாஸ்மாவில் வேண்டாம். எலைசா நானோகிராமில் தரும். மைக்ரோயூனிட்டாக மாற்றாமல் போட்டால் ஏறத்தாழ 28 மடங்கு பிசகும். ரத்தம் சிதைந்து சிவந்த மாதிரியை ஒதுக்குங்கள், சிவப்பணுக்களிலுள்ள நொதி இன்சுலினைத் தின்றுவிடும்.

அடுத்த ஜி.டி.டி.யில் 0, 15, 30 நிமிடங்களில் வாலிலிருந்து 25 மைக்ரோலிட்டர் எடுத்து இன்சுலினும் பாருங்கள். குளுக்கோஸ் வளைகோடு மட்டும் எதிர்ப்பையும் சுரப்புக் குறைவையும் பிரித்துச் சொல்லாது. உங்கள் எலி சி57பிஎல்/6-இன் எந்தத் துணை வகை, 6ஜே-வா, 6என்-ஆ? 6ஜே-யில் என்.என்.டி. மரபணுவில் ஒரு துண்டு இல்லை, இன்சுலின் சுரப்பு அதில் குறைவு. இரண்டு குழுவும் ஒரே துணை வகைதானா என்று வாங்கிய இடத்தில் எழுத்தில் கேளுங்கள்.

ஐலெட்டோடு ஒரு இடத்தில் உடன்பாடில்லை. கிலோவுக்கு 1 கிராம் என்றாலும் குண்டு எலிக்கு ஒன்றரை மடங்குதான் போகிறது. உடற்கொழுப்பு அளக்கும் என்.எம்.ஆர். கருவி இருந்தால் கொழுப்பு நீங்கிய எடைக்குக் கொடுங்கள். இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் கன்ட்ரோல் சராசரிப்படி ஒரே அளவு, இங்கே 28 மி.கி., 10% கரைசலில் 0.28 மி.லி.

ஐ.டி.டி. வரைபடத்தில் தொடக்கத்தின் சதவீதத்தோடு மூல எண்களையும் காட்டுங்கள். சரிவை முதல் 30 நிமிடத்துக்குள் கணக்கிடுங்கள். அதற்குப் பிறகு குளுக்ககானும் அட்ரினலினும் புகுந்துவிடும்.

ஐலெட்:
நிலையான டோஸ், சரி. எந்த டோஸ் என்பதை மி.கி.யிலேயே படவிளக்கத்தில் எழுதிவிடுங்கள், ரிவியூவர் முதலில் அங்கேதான் பார்ப்பார்.